குதிரைகள் நடந்த கரையில் சைக்கிள்கள் – டான்யூப் பாதையின் கதை

ஐரோப்பாவில் நீண்ட தூரம் சைக்கிள் மிதிப்பவர்களிடம், "முதல் பயணத்துக்கு எந்தப் பாதை நல்லது?" என்று கேட்டால், பலர் சொல்லும் பெயர் டான்யூப். அதிலும் ஜெர்மனியின் பாஸாவ் நகரில் தொடங்கி ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் முடியும் பகுதி. சுமார் 320 கிலோமீட்டர். மெதுவாகப் போனாலும் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். குழந்தைகளோடு போகிறார்கள், எழுபது வயதுக்காரர்களும் போகிறார்கள்.

காரணம் ரொம்ப எளிமையானது. இந்தப் பாதையில் மேடே இல்லை! பாஸாவ் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வியன்னா சுமார் 160 மீட்டர். ஆக 320 கிலோமீட்டருக்கு வெறும் 140 மீட்டர் இறக்கம். இரண்டு பக்கமும் மலை, காடு, கோட்டை, திராட்சைத் தோட்டம். நடுவில் ஆறு. ஆற்றை ஒட்டியே சமதளமாகப் பாதை.

மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடும் ஓர் ஆற்றின் கரையில் இவ்வளவு சமமான பாதை எப்படி வந்தது? சைக்கிள்காரர்களுக்காக யாரும் இதை வெட்டவில்லை. சைக்கிள் கண்டுபிடிக்கப்படும் முன்பே இந்தப் பாதை இருந்தது. இதைப் போட்டவர்கள் வேறு, உழைத்தவர்கள் வேறு, அனுபவிப்பவர்கள் வேறு. அந்தக் கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

போவது சுலபம், வருவது கஷ்டம்

டான்யூப் ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் பிறந்து, பத்து நாடுகளைத் தொட்டுக்கொண்டு சுமார் 2,850 கிலோமீட்டர் ஓடி கருங்கடலில் கலக்கிறது. ஐரோப்பாவின் பெரிய ஆறுகளில் பல வடக்கு தெற்காக ஓடுபவை. டான்யூப் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. ரயிலும் நல்ல சாலையும் இல்லாத காலத்தில் மேற்கு ஐரோப்பாவையும் ஹங்கேரிச் சமவெளியையும் இணைத்த பெரிய வணிக வழி இதுதான்.

ஹாலைன் சுரங்கங்களின் உப்பு சால்ஸாக், இன் ஆறுகள் வழியாக பாஸாவுக்கு வந்தது. அந்நகரம் செழித்ததில் உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. ஆற்றோட்டத்தோடு போகும் சரக்குக்குச் செலவு குறைவு. தண்ணீரே இழுத்துக்கொண்டு போய்விடும். மரப்பலகையில் ஒரு படகு கட்டி, சரக்கை ஏற்றி, திசை திருப்ப நாலு பேர் இருந்தால் போதும்.

ஆனால் அந்தப் படகு திரும்பி வர வேண்டுமே? அங்கேதான் சிக்கல். உல்ம் நகரத்துக்காரர்கள் இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டுபிடித்தார்கள். திரும்பி வரவே வேண்டாத படகு! "உல்ம் பெட்டி" என்று கேலியாக அழைக்கப்பட்ட இந்தப் படகுகள் மலிவான மரத்தில் செய்யப்பட்டவை. வியன்னாவுக்கோ அதற்கும் கீழேயோ போய்ச் சேர்ந்ததும் சரக்கை விற்பார்கள். பிறகு படகையும் பிரித்து மரமாக விற்றுவிடுவார்கள். படகோட்டிகள் நடந்தே ஊர் திரும்புவார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஹங்கேரிப் பக்கம் குடியேறப் போன ஆயிரக்கணக்கான ஜெர்மன் விவசாயக் குடும்பங்கள் இப்படிப்பட்ட படகுகளில்தான் பயணம் செய்தன. அவர்களுக்கும் அது ஒருவழிப் பயணம்தான்.

மேல்நோக்கி வர வேண்டிய சரக்கும் இருந்தது. ஹங்கேரியின் தானியம், ஆஸ்திரியாவின் ஒயின். இவற்றை ஓட்டத்துக்கு எதிராக எப்படிக் கொண்டுவருவது? துடுப்பால் முடியாது. கரையிலிருந்து கயிறு கட்டி இழுக்க வேண்டும்.

அறுபது குதிரை இழுத்த தேர்

ஆரம்பத்தில் மனிதர்கள் இழுத்தார்கள். பிறகு குதிரைகள் வந்தன. பெரிய சரக்குப் படகுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றில் கோத்து, ஒரு தொடராக்கி, கரையில் முப்பது, நாற்பது, சில சமயம் அறுபது குதிரைகள் வரை பூட்டி இழுத்தார்கள். குதிரைகளின் மேல் சவாரிக்காரர்கள். முன்னால் ஒருவன் ஆழம் பார்த்துக்கொண்டே போவான். நடுவில் சமையலுக்குத் தனிப் படகு, குதிரைத் தீவனத்துக்குத் தனிப் படகு. ஒரு சின்ன ஊரே ஆற்றோரமாக நகர்ந்து போவது போல இருக்கும்.

வியன்னாவிலிருந்து மேலே வர வாரக்கணக்கில் ஆகும். மழை வந்தால் நிற்கும். வெள்ளம் வந்தால் நிற்கும். கயிறு அறுந்தாலோ, படகு திடீரென்று ஓட்டத்தில் திரும்பினாலோ, கயிற்றோடு சேர்ந்து குதிரையும் ஆளும் தண்ணீருக்குள் போக வேண்டியதுதான். ஒரு கரையில் பாறை குறுக்கிட்டுவிட்டால் அத்தனை குதிரைகளையும் படகில் ஏற்றி மறுகரைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மறுபடி இழுக்க வேண்டும்.

இதற்காகத்தான் கரையில் பாதை வேண்டியிருந்தது. குதிரை வழுக்காமல் நடக்க வேண்டும். கயிறு மரத்தில் மாட்டக்கூடாது. நீர்மட்டத்தை விட்டு ரொம்ப உயரே போகக்கூடாது. ஆகவே புதர் வெட்டி, பாறை உடைத்து, கல் பாவி, ஆற்றை ஒட்டியே சமமாகப் பாதை போட்டார்கள். உள்ளூரில் இதற்கு "ட்ரெப்பல்வெக்" என்று பெயர். சைக்கிள்காரர்கள் வியக்கும் அந்தச் சமதளத்தின் ரகசியம் இதுதான்.

18ஆம் நூற்றாண்டில் மரியா தெரசாவும் அவர் மகன் இரண்டாம் ஜோசப்பும் ஆண்ட காலத்தில் ஆற்று வணிகத்தில் அரசு அதிகம் கவனம் செலுத்தியது. இரண்டாம் ஜோசப் சீர்திருத்தக்காரர் என்று வரலாற்றில் பெயர் எடுத்தவர். 1787ஆம் ஆண்டுச் சட்டத்தில் சாதாரணக் குற்றங்களுக்கு மரண தண்டனையை நீக்கியவர். ஆனால் அதற்குப் பதிலாக அவர் கொண்டுவந்த தண்டனைகளில் ஒன்று படகு இழுத்தல்! கைதிகளைச் சங்கிலியால் பிணைத்து, ஹங்கேரிப் பகுதி டான்யூப் கரையில், சதுப்பிலும் சேற்றிலும் படகு இழுக்க வைத்தார்கள். அனுப்பப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அங்கேயே செத்துப்போனார்கள். தூக்குக் கயிறு போய் இழுவைக் கயிறு வந்தது, அவ்வளவுதான். ஜோசப் இறந்த 1790ஆம் ஆண்டிலேயே அவருக்குப் பின் வந்த தம்பி இரண்டாம் லியோபோல்ட் இந்தத் தண்டனையை ரத்து செய்தார்.

சுங்கமும் சுழலும்

ஆற்றில் சரக்கு போகிறது என்றால் கரையில் இருப்பவனுக்கு வருமானம் என்று அர்த்தம். லின்ஸ், இப்ஸ், ஷ்டைன் என்று வழியெங்கும் சுங்கச் சாவடிகள். மௌட்ஹவுசன் என்ற ஊரின் பெயருக்கே சுங்க வீடுகள் என்றுதான் பொருள். 1189ல் சிலுவைப்போருக்குப் போன பேரரசர் ஃப்ரெடெரிக் பார்பரோசாவின் படையிடமே இந்த ஊர்க்காரர்கள் சுங்கம் கேட்க, கோபம் கொண்ட பேரரசர் ஊரைக் கொளுத்திவிட்டார் என்கிறது வரலாறு.

வாஹாவ் பள்ளத்தாக்கில் உள்ள டூர்ன்ஷ்டைன் கோட்டையும் இப்படி ஒரு பெரிய "வசூலுக்கு"ப் பேர் போனது. இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட் சிலுவைப்போரிலிருந்து மாறுவேடத்தில் திரும்பும்போது 1192 டிசம்பரில் வியன்னா அருகே பிடிபட்டார். ஆஸ்திரியக் கோமகன் ஐந்தாம் லியோபோல்ட் அவரை டூர்ன்ஷ்டைனில் அடைத்துவைத்தார். பிறகு அவர் பேரரசர் ஆறாம் ஹென்றியிடம் ஒப்படைக்கப்பட்டார். மீட்புத் தொகையாகப் பேசப்பட்டது 1,50,000 மார்க் வெள்ளி. அதில் பெரும்பகுதி கைமாறிய பிறகே 1194ல் ரிச்சர்ட் விடுதலையானார். லியோபோல்டுக்குக் கிடைத்த பங்கில் வியன்னாவின் மதில்கள் விரிவாயின, வீனர் நோய்ஷ்டாட் என்ற புது ஊரே உருவானது. இங்கிலாந்து மக்கள் கட்டிய வரியில் ஆஸ்திரியாவில் ஓர் ஊர்! கோட்டையை 1645ல் ஸ்வீடன் படைகள் தகர்த்தன. மலை மேல் அதன் இடிபாடு மட்டும் நிற்கிறது. சைக்கிள் பாதை சரியாக அதன் அடியில் போகிறது.

சுங்கத்தைவிடப் படகோட்டிகள் அதிகம் பயந்தது கிரைன் என்ற சிற்றூருக்குக் கீழே இருந்த பகுதிக்கு. ஆறு திடீரென்று குறுகி, நீருக்குள் பாறைகளும் பெரிய சுழல்களுமாக இருந்த இடம் அது. எத்தனையோ படகுகள் அங்கே உடைந்தன. கிரைன்காரர்களுக்கு அதுவே பிழைப்பாயிற்று. சுழலைத் தெரிந்த உள்ளூர் ஆட்கள் வழிகாட்டப் படகில் ஏறிக்கொள்வார்கள், கூலி வாங்குவார்கள். சரக்கைக் கரையில் இறக்கி வண்டியில் சுற்றிக் கொண்டுபோவதும் உண்டு. ஊர் செழித்தது. 1791ல் ஊர்மக்கள் தங்கள் தானியக் கிடங்கில் ஒரு நாடக அரங்கமே கட்டிக்கொண்டார்கள். பூட்டுப் போட்டு வைத்துக்கொள்ளும் இருக்கைகளோடு அந்த அரங்கம் இன்னும் இருக்கிறது.

1777ல் மரியா தெரசா காலத்தில் பாறைகளை உடைக்கும் வேலை ஆரம்பித்தது. 1866 வரை, கிட்டத்தட்ட 90 ஆண்டுகள், விட்டு விட்டு வெடிவைத்தார்கள். கடைசியில் ஆற்றின் நடுவே இருந்த ஒரு பாறைத் தீவையே அகற்றினார்கள். ஆபத்து போயிற்று. கூடவே கிரைனின் வருமானமும் போயிற்று.

புகை வந்தது, குதிரை போனது

1829ல் டான்யூப் நீராவிக் கப்பல் கம்பெனி தொடங்கப்பட்டது. 1830ல் முதல் கப்பல் வியன்னாவிலிருந்து பூடாபெஸ்ட் போனது. 1837ல் லின்ஸுக்கும் வியன்னாவுக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. அறுபது குதிரையும் அத்தனை ஆட்களும் வாரக்கணக்கில் செய்த வேலையை ஒரு கொதிகலன் சில நாட்களில் செய்தது. 1858ல் வியன்னாவிலிருந்து லின்ஸ் வரை ரயில் வந்தது, 1861ல் பாஸாவ் வரை நீண்டது. குதிரைக்காரர்களின் தொழில் அதோடு மெல்ல மெல்ல முடிந்துபோனது.

வணிகம் படிப்பவர்களுக்கு இது பழகிய கதைதான். புதுத் தொழில்நுட்பம் வந்தால் பழைய முதலீடு மதிப்பிழக்கும். படகை விற்கலாம், குதிரையை விற்கலாம். கரையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போட்ட பாதையை என்ன செய்வது? கணக்கு ஏட்டில் அது பூஜ்யம். ஆனால் ஆற்றைப் பராமரிக்கும் அரசுத் துறைக்குக் கரையில் நடந்து பார்க்க ஒரு வழி தேவைப்பட்டது. அதனால் ட்ரெப்பல்வெக் அழியவில்லை. யாரும் பெரிதாகக் கவனிக்காமல், புல் முளைத்து, மீன் பிடிப்பவர்கள் மட்டும் நடக்கும் பாதையாக நூறு ஆண்டுக்கும் மேல் படுத்துக் கிடந்தது.

இந்தக் காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். 1908ல் வாஹாவ் வழியாக ரயில் பாதை போடும் பணியை ஒட்டி வில்லென்டார்ஃப் கிராமத்தில் அகழாய்வு நடந்தபோது, சுமார் 11 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு சுண்ணாம்புக்கல் பெண் சிலை கிடைத்தது. வயது கிட்டத்தட்ட 30,000 ஆண்டுகள்! "வில்லென்டார்ஃபின் வீனஸ்" என்று உலகம் முழுக்கப் பேர் பெற்ற அது வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கின் வழியாக மனிதன் போய்க்கொண்டிருப்பது நேற்று இன்று தொடங்கியது அல்ல.

186 படிகள்

லின்ஸைத் தாண்டி சுமார் 20 கிலோமீட்டரில், முன்பு சொன்ன மௌட்ஹவுசன் வருகிறது. ஆற்றங்கரையில் அழகான பழைய வீடுகள், சாப்பாட்டுக் கடைகள். ஊருக்கு மேலே குன்றில் இருப்பது வேறு.

மௌட்ஹவுசன் கிரானைட் கல்லுக்குப் பேர் போன ஊர். வியன்னாவின் தெருக்களில் பாவிய கல்லில் நிறைய இங்கிருந்து போனது. 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை ஹிட்லர் இணைத்துக்கொண்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தக் குவாரிக்குப் பக்கத்தில் நாஜிகள் வதைமுகாம் திறந்தார்கள். கல்லும் கிடைக்கும், கூலி கொடுக்க வேண்டாத ஆளும் கிடைப்பார்கள் என்பதுதான் இடத் தேர்வின் கணக்கு. குவாரியிலிருந்து மேலே போக 186 படிகள். பட்டினியில் எலும்பும் தோலுமான கைதிகள் பாறைத் துண்டுகளை முதுகில் சுமந்து அந்தப் படிகளில் ஏறினார்கள். 1945 மே 5ஆம் தேதி அமெரிக்கப் படை வந்து விடுவிக்கும் வரை, மௌட்ஹவுசனிலும் அதன் கிளை முகாம்களிலும் சுமார் 1,90,000 பேர் அடைக்கப்பட்டார்கள். குறைந்தது 90,000 பேர் இறந்தார்கள்.

அந்த இடம் நினைவகமாகப் பாதுகாக்கப்படுகிறது. சமதளப் பாதையில் வந்தவர்கள் அங்கே போக மேடு ஏறியாக வேண்டும். பலர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பயணத்தைத் தொடர்கிறார்கள். பார்க்காமல் கரையோடு போகிறவர்களும் உண்டு. படகு இழுத்த கைதிகளுக்கு 150 ஆண்டுகள் கழித்து, அதே ஆற்றின் கரையில், கைதியின் உடம்பைத் தேயும் வரை பயன்படுத்தும் அதே யோசனை இன்னும் கொடூரமாகத் திரும்பி வந்தது.

அணைகள் மாற்றிய ஆறு

போருக்குப் பிறகு ஆஸ்திரியாவுக்கு மின்சாரம் தேவைப்பட்டது. டான்யூபில் வரிசையாக நீர்மின் நிலையங்கள் எழுந்தன. 1956ல் ஜெர்மன் எல்லையில் யோஹன்ஷ்டைன், 1959ல் இப்ஸ்-பெர்சன்பாய்க், 1964ல் ஆஷாக், 1968ல் வால்சே, 1974ல் ஒட்டென்ஸ்ஹைம், 1976ல் ஆல்டென்வோர்த், 1979ல் ஆப்விண்டன், 1982ல் மெல்க், 1985ல் கிரைஃபென்ஷ்டைன் என்று நீள்கிறது பட்டியல்.

நாட்டை மீண்டும் எழுப்பியதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஓடிக்கொண்டிருந்த ஆறு, படிக்கட்டு போல அடுத்தடுத்த ஏரிகளாக மாறிவிட்டது. கிரைன் அருகே மிச்சமிருந்த வேகமான நீரோட்டமும் இப்ஸ்-பெர்சன்பாய்க் அணையின் தேக்கத்தில் அடங்கிப்போனது. அணையை ஒட்டிய இடங்களில் பழைய குதிரைப் பாதை தண்ணீருக்குள் போய், கரை மேட்டின் மீது புதிதாகப் பராமரிப்புப் பாதை வந்தது. லாரி போகும் அளவுக்கு அகலம், நல்ல தார். பொது வாகனங்களுக்கு அனுமதி இல்லை. சைக்கிளுக்கு இதைவிட என்ன வேண்டும்? அணைகளின் மேல் ஆற்றைக் கடக்கவும் வழி கிடைத்தது. ஆக, சைக்கிள் பாதையின் ஒரு பாதி குதிரைகள் தந்தது என்றால், இன்னொரு பாதி மின்சாரம் தந்தது.

வேண்டாம் என்று சொன்ன மூன்று இடங்கள்

ஆனால் இந்தப் பாதையில் எல்லோரும் படம் எடுத்து மாட்டிக்கொள்வது அணை இருக்கும் பகுதியை அல்ல. மெல்க் நகருக்கும் கிரெம்ஸ் நகருக்கும் இடைப்பட்ட வாஹாவ் பள்ளத்தாக்கு. வெறும் 36 கிலோமீட்டர்தான். ஒரு முனையில் 1702 முதல் 1736 வரை கட்டப்பட்ட மெல்க் மடாலயம், மஞ்சளும் வெள்ளையுமாகப் பாறை மேல் நிற்கிறது. அங்கிருந்து இரு கரையிலும் சாந்து பூசாமல் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்கள். அவற்றின் மேல் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம். ஏப்ரலில் ஆப்ரிகாட் மரங்கள் பூத்துக் கரையே வெள்ளையாகிவிடும். ஷ்பிட்ஸ், வைசன்கிர்ஹன் கிராமங்களில் இன்ஜின் இல்லாத படகுகள் ஆற்றைக் கடக்கின்றன. மேலே கட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு நீரோட்டத்தின் தள்ளுதலாலேயே போய்வருபவை அவை. நீரோட்டம் இருந்தால்தான் அந்தப் படகு நகரும். அணை கட்டியிருந்தால்?

கட்டத்தான் இருந்தார்கள். 1970களில் வாஹாவிலும் ஒரு மின்நிலையம் திட்டமிடப்பட்டது. ஊர்க்காரர்கள் கூட்டம் கூட்டி எதிர்த்தார்கள். திராட்சை விவசாயிகள், வீட்டுக்காரர்கள் என்று பல தரப்பினரும் சேர்ந்தார்கள். போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1980களில் திட்டம் கைவிடப்பட்டது. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ வாஹாவை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

வியன்னாவை நோக்கி இன்னும் கொஞ்சம் போனால் தென்கரையில் ட்ஸ்வெண்டென்டார்ஃப். பாதைக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய சாம்பல் நிறக் கட்டடமும் உயரமான புகைபோக்கியும் தெரியும். அது ஒரு அணுமின் நிலையம். முழுதாகக் கட்டி முடிக்கப்பட்டது. ஒரு நாள் கூட இயங்கியதில்லை! 1978 நவம்பர் 5ஆம் தேதி நடந்த பொது வாக்கெடுப்பில் 50.47 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். வித்தியாசம் 30,000 வாக்குகளுக்கும் குறைவு. பிரதமர் புரூனோ கிரைஸ்கி நிலையத்தை ஆதரித்தவர். இருந்தும் அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார். அணு மின்சாரத்தைத் தடுக்கும் சட்டமும் அந்த ஆண்டே வந்தது.

மூன்றாவது இடம் வியன்னாவுக்குக் கிழக்கே, பாதை ஸ்லோவாக்கிய எல்லையை நோக்கி நீளும் ஹைன்பர்க். அங்கே அணை கட்டினால் ஆற்றோரத்து வெள்ளக் காடு அழியும் என்று எதிர்ப்பு கிளம்பியது. 1984 மே மாதம் அரசியல்வாதிகளும் பிரபலங்களும் மான், பறவை என்று விலங்கு வேடமிட்டு பத்திரிகையாளர்களைச் சந்தித்தார்கள். நாடே சிரித்தது. டிசம்பரில் யாரும் சிரிக்கவில்லை. கடுங்குளிரில் ஆயிரக்கணக்கானவர்கள் காட்டுக்குள் கூடாரம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். 19ஆம் தேதி போலீஸ் தடியடி நடத்தியது. பலருக்குக் காயம். 22ஆம் தேதி பிரதமர் ஃப்ரெட் சினோவாட்ஸ் கிறிஸ்துமஸ் கால அமைதியை அறிவித்தார். அணை வரவே இல்லை. 1996ல் அந்தக் காடு தேசியப் பூங்காவானது.

எல்லாவற்றுக்கும் மக்கள் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லவில்லை. வியன்னா எல்லைக்குள் ஃப்ராய்டெனாவில் மின்நிலையம் கட்டலாமா என்று 1991ல் நகர மக்களிடம் கேட்டபோது பெரும்பான்மையோர் சரி என்றார்கள். 1998ல் அது முழுமையடைந்தது. எது போனால் போகட்டும், எது போகக்கூடாது என்று கேட்டு முடிவு செய்யும் பழக்கம் வந்துவிட்டது. ஆஸ்திரிய டான்யூபில் தடையில்லாமல் ஓடும் நீளமான பகுதிகள் இரண்டே இரண்டுதான். வாஹாவ் ஒன்று, வியன்னாவுக்குக் கிழக்கே உள்ளது மற்றொன்று. இரண்டுமே மக்கள் எதிர்த்து நின்றதால் மிஞ்சியவை.

சைக்கிள் வந்தது

இந்தப் போராட்டங்கள் நடந்த அதே 1980களில்தான் கரையோரப் பாதை சைக்கிளுக்கு முறையாகத் திறந்துவிடப்பட்டது. வழிகாட்டிப் பலகைகள் நட்டார்கள். விட்டுப்போன இடங்களை இணைத்தார்கள். பெரும்பாலும் இரு கரையிலும் பாதை உண்டு. எந்தக் கரை பிடிக்கிறதோ அதில் போகலாம்.

பாதையின் பிரிவுகள் சுமாராக இப்படி: பாஸாவிலிருந்து லின்ஸ் 100 கிலோமீட்டர். ஷ்லோகன் என்ற இடத்தில் கிரானைட் மலையில் மோதி ஆறு அப்படியே திரும்பி வளைவது இந்தப் பகுதியில்தான். அங்கே வடகரையில் மலை நேராக நீருக்குள் இறங்குவதால் கொஞ்ச தூரத்துக்குப் பாதையே கிடையாது. சைக்கிளோடு படகில் ஏறித்தான் கடக்க வேண்டும். அந்தக் காலத்துக் குதிரைகள் படகேறியது போலவே! லின்ஸிலிருந்து கிரைன் 60, கிரைனிலிருந்து மெல்க் 50, மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் 36, அங்கிருந்து வியன்னா 80. பெரும்பாலானவர்கள் ஓட்டத்தோடு, மேற்கிலிருந்து கிழக்காகத்தான் போகிறார்கள். காற்றும் அந்தத் திசையில் தள்ளும். திரும்பி வர ரயில் இருக்கிறது. உல்ம் பெட்டிக்காரர்களின் அதே ஒருவழிக் கணக்கு, சைக்கிளை மட்டும் விறகாக விற்பதில்லை!

சைக்கிளுக்கும் இந்தப் பள்ளத்தாக்குக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. மௌட்ஹவுசனுக்கு எதிரே டான்யூபில் வந்து கலக்கும் என்ஸ் ஆற்றின் மேலே ஷ்டையர் என்ற ஊர் இருக்கிறது. துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பேர் போன ஊர். 1890களில் துப்பாக்கி ஆர்டர்கள் குறைந்தபோது அந்தத் தொழிற்சாலை சைக்கிள் செய்ய ஆரம்பித்தது. அதற்கு வைத்த பெயர் "வாஃபன்ராட்", அதாவது ஆயுத சைக்கிள்! பல பத்தாண்டுகள் ஆஸ்திரியக் கிராமங்களில் ஓடியது அதுதான்.

பெரிய கார் சாலையும் ரயிலும் வந்தபின் ஒதுங்கிப்போன ஆற்றங்கரைச் சிற்றூர்களுக்கு இந்தப் பாதை புது உயிர் கொடுத்தது. காரில் வருகிறவர் ஒரு மணி நேரத்தில் பள்ளத்தாக்கைத் தாண்டிப் போய்விடுவார். சைக்கிள்காரரால் முடியாது. அவருக்கு 15 கிலோமீட்டருக்கு ஒருமுறை பசிக்கும், தாகம் எடுக்கும், மாலையில் படுக்கை வேண்டும். படகோட்டிகளும் குதிரைகளும் தங்கிய ஊர்களிலேயே மீண்டும் விடுதிகள் பிழைத்தன. அட்லாண்டிக்கிலிருந்து கருங்கடல் வரை 4,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் யூரோவெலோ 6 என்ற நெடும்பாதையில் இதுவும் ஒரு பகுதியாகச் சேர்ந்தது.

ஆறு மட்டும் யாருக்கும் கட்டுப்பட்டதாகச் சொல்ல முடியாது. 2002லும் 2013லும் பெருவெள்ளம் வந்தது. 2013 ஜூனில் பாஸாவில் நீர்மட்டம் 12.89 மீட்டரைத் தொட்டது. பாதை முழுகிப்போய், வடிந்தபின் சேற்றை வாரிக் கொட்டினார்கள். கரையோர ஊர்களின் சுவர்களில் எந்த ஆண்டில் எவ்வளவு உயரம் வெள்ளம் வந்தது என்று கோடு போட்டுக் குறித்திருப்பதைப் பாதையில் போகிறவர்கள் நின்று பார்க்கலாம். சில கோடுகள் தலைக்கு மேலே இருக்கும்.

வரவு செலவு

இந்தப் பாதையில் நுழைவுக் கட்டணம் கிடையாது. ரிச்சர்ட் மன்னனிடம் வசூலித்த கரையில், பார்பரோசாவின் படையிடமே சுங்கம் கேட்ட ஊரில், இப்போது யாரும் காசு கேட்பதில்லை. இலவசம் என்று தோன்றும். ஆனால் எந்தக் கணக்கிலும் வரவு என்று ஒன்று இருந்தால் எதிரே பற்று என்று ஒன்று இருந்தே தீரும். சமதளத்துக்கான செலவைக் குதிரைகளும் கயிறு பிடித்தவர்களும் செய்தார்கள். கரைமேட்டுத் தாருக்கான விலையை ஓட்டம் இழந்த ஆறு கொடுத்தது. வாஹாவின் அழகுக்கான விலையை ஆண்டுக்கணக்கில் கூட்டம் போட்டு, மனு எழுதி, பிடிவாதமாக நின்ற ஊர்க்காரர்கள் கொடுத்தார்கள்.

இவர்களில் ஒருவர்கூட சைக்கிள் பாதைக்காக உழைக்கவில்லை. 1970களில் ஷ்பிட்ஸ் கிராமத்தில் அணையை எதிர்த்த ஒரு திராட்சை விவசாயி, தன் தோட்டத்தையும் ஆற்றையும் காப்பாற்றிக்கொள்ளத்தான் நினைத்திருப்பார். அவர் அன்று எதிர்த்து நின்றதால்தான், ஷ்பிட்ஸ் துறையில் இன்ஜின் இல்லாத அந்தப் படகு இன்னமும் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு, ஓடும் தண்ணீரின் பலத்திலேயே அக்கரைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.